லிஃப்டைக் கீழே அனுப்பியது யார்?

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த வித்தை தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். அதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இன்றுவரை நான் தனியாக லிஃப்டில் ஏறுவதில்லை.

எங்கள் குடும்பம் குடியேறியிருந்தது ஒரு குளிர் நாட்டில்; நான் வேறொரு நாட்டில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு ஒரு பழக்கம். எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் மூன்று தட்டு தட்டுவான். டொக்... டொக்... டொக். லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் ஆள் இருந்தால் உஷாராகட்டும் என்று வேலையில் பழகிக்கொண்டது. வீட்டில் அலமாரியையும் ஃப்ரிட்ஜையும்கூடத் தட்டித்தான் திறப்பான். "உள்ள தக்காளி தூங்குதாடா?" என்று அம்மா கிண்டல் செய்வார்.

என்னை 'வாலு' என்று கூப்பிடுவான். அந்தப் பெயர் அவனுக்கு மட்டும்தான் சொந்தம். வேறு யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

அண்ணனுக்கு டைப் அடிக்கச் சோம்பல். எதற்கெடுத்தாலும் குரல் பதிவுதான் அனுப்புவான். அந்த முறை குளிர் தொடங்கியதும் அது நின்றுபோய், எழுத்தாக வர ஆரம்பித்தது. தொண்டை கட்டிவிட்டதாம். 'நல்லாப் படி வாலு.' 'நேரத்துக்குச் சாப்பிடு வாலு.' எப்போதிருந்து இவன் இவ்வளவு நல்லவன் ஆனான் என்று சிரித்துக்கொண்டேன். போன் செய்தால் எடுக்கவில்லை. வேலை நெருக்கடி என்றார் அப்பா. எனக்கும் பரீட்சை நேரம். அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தேன். போனில் ஒரு குரல் பதிவு காத்திருந்தது. அண்ணன்தான்.

"வாலு... டிக்கெட்டை மாத்திக்கிட்டு வியாழக்கிழமையே வந்துடு. வீட்ல சொல்லாத. நான் கதவைத் திறந்து வைக்கிறேன்."

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு வருவதாக அப்பா சொல்லியிருந்தார். இரண்டு நாள் முன்னால் போய் நின்று அம்மாவை அலறவைக்கலாம். திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. மாற்றிக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்தின் முன்னால் டாக்ஸி நின்றபோது மாலை 5:40. அந்தக் குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டிவிடும். நாலாவது மாடியில் எங்கள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் இல்லை.

பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். பொத்தானில் கை வைக்கும் முன்பே லிஃப்ட் இறங்கி வந்தது. கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. நான் வருவது தெரிந்தால் அண்ணன் மேலே இருந்து லிஃப்டை அனுப்பி வைப்பான், சின்ன வயதிலிருந்தே. ராஜமரியாதை!

ஏறினேன். நாலை அழுத்துவதற்குள் லிஃப்ட் தானாகக் கிளம்பியது.

இரண்டாவது மாடியைத் தாண்டும்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டது. லிஃப்டின் கூரையில்.

டொக்... டொக்... டொக்.

"அண்ணா! போதும் உன் விளையாட்டு!" என்று கத்தினேன். கத்தியபிறகுதான் உறைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டின் மேல் யாராவது உட்கார்ந்திருப்பார்களா?

வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை; ஜன்னல் வழியே தெருவிளக்கின் மங்கல் மட்டும். சமையலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டியபடி அண்ணன் நின்றிருந்தான். அதே வேலைச் சட்டை, முதுகில் மஞ்சள் பட்டை. கிரீஸ் கறை போகக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா!"

"வந்துட்டியா வாலு."

சுவிட்சைத் தேடினேன்.

"லைட் போடாத."

"ஏன்?"

"வேணாம். போடாத."

குரல் கரகரத்தது. தொண்டை இன்னும் சரியாகவில்லை போல.

"அம்மா எங்க?"

"வருவாங்க."

பெட்டியை வைக்கப் போகும் வழியில் அவன் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டில் இல்லை. அலமாரி திறந்து கிடந்தது. ஒரு சட்டைகூட இல்லை. டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிகள் மட்டும் சுவரோரம் அடுக்கியிருந்தன.

"அண்ணா, வீடு மாத்தறீங்களா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்ல!"

தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

திரும்பி வந்தேன். அவன் இன்னும் கழுவிக்கொண்டிருந்தான். அதே கையை. அதே இடத்தை.

"உங்கிட்ட... ஒண்ணுமே சொல்லலையா?"

"என்னத்த சொல்லல?"

"சரி. அவங்களே சொல்லுவாங்க. கோச்சுக்காத."

எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறேன், ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன? அவன் தோளில் கை வைத்தேன்.

சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஐஸ் மாதிரி ஒரு குளிர்.

"இந்தப் பக்கம் திரும்பேன்."

"வேணாம் வாலு."

"ஏன்?"

"நீ பயந்துடுவ..."

அப்போது வாசலில் சாவி திரும்பும் சத்தம். கதவு திறக்கவில்லை. வெளியே அப்பாவின் குரல்... "உள்பக்கம் யாரோ தாழ்ப்பாள் போட்டிருக்காங்க!"

நான் போடவில்லை.

ஓடிப்போய்த் திறந்தேன். என்னைப் பார்த்ததும் அம்மாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"நீ... எப்படி உள்ள வந்த?"

"அண்ணன்தான் திறந்துவிட்டான். அதோ..."

திரும்பினேன்.

யாரும் இல்லை.

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா விளக்கைப் போட்டார். பாத்திரம் கழுவும் தொட்டி முழுக்கக் கறுப்புக் கிரீஸ். அதில் விரல் தடங்கள். அப்பா குழாயை மூடிவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பூட்டும் போட்டுட்டுத்தான் போனேன்," என்றார். பிறகு அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

ஒரு கட்டடத்தில் தண்ணீர் தேங்கிய லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறான். கீழே ஆள் இருப்பது தெரியாமல் மேலே யாரோ லிஃப்டை இயக்கிவிட்டார்கள். "கீழேயிருந்து தட்டியிருப்பான். யாருக்கும் கேக்கல," என்றார் அப்பா.

"உன் பரீட்சை கெட்டுடக் கூடாதுன்னுதான்..." என்றார் அம்மா. "உன் நல்லதுக்குத்தான்மா."

என் நல்லதுக்கு! அவனை அடக்கம் செய்த அன்று நான் நூலகத்து வாசலில் காபி குடித்துக்கொண்டு அவனுக்குப் போனில் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பியிருக்கிறேன். உடனே பதிலும் வந்தது. 'ஹா ஹா வாலு.' அதை எழுதியது அப்பா. அண்ணனின் நம்பரை வேறு போனில் போட்டுக்கொண்டு, மகனைப் புதைத்த கையோடு. எதிர்வீட்டுக்குத் தெரியும். சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். அங்கே என்னோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கிய தோழிக்கும் தெரியும். அவளிடம் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் ஒருத்திதான் முட்டாள்.

"அந்தப் பேரை எப்படிப்பா உங்களால எழுத முடிஞ்சுது?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசியா ஒரு தடவை முகத்தையாவது பார்த்திருப்பேனே... அதைக்கூடப் பிடுங்கிட்டீங்களே!"

அப்பா மெதுவாகச் சொன்னார்.

"நாங்களும் பார்க்கலம்மா. பெட்டியை மூடித்தான் குடுத்தாங்க. முகம்னு சொல்ல... ஒண்ணும் இல்ல."

'நீ பயந்துடுவ...'



"அப்ப அந்தக் குரல் பதிவை அனுப்பினது யாரு?"

"எந்தக் குரல் பதிவு?" என்றார் அப்பா. "நான் எழுதத்தானே செஞ்சேன். அவன் குரலுக்கு நான் எங்கம்மா போவேன்?"

அன்று இரவு என் அறைக்குப் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். 'நான் கதவைத் திறந்து வைக்கிறேன்' என்பதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. அதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இருந்தது.

தண்ணீர் சொட்டும் சத்தம்.

டொக்... டொக்... டொக்.

மேலே மோட்டார் கிளம்பும் சத்தம். அது இறங்கி வருகிறது. பக்கத்தில்... இன்னும் பக்கத்தில்...

டொக் டொக் டொக் டொக்

அவ்வளவுதான்.

அடுத்த நாள் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "ஒரே ஒரு தடவை அவன் குரலைக் கேக்க விடும்மா. உன் காலைப் பிடிக்கிறேன்."

அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. ஆனாலும் அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்து, முகம் மாறாமல் சொன்னேன்.

"அது அழிஞ்சுபோச்சும்மா."