சுவரில் இல்லாத முகம்

சண்டைக் காலத்தில் ஊரில் கமராவோடு தெருவில் போகப் பயம். கனடா வந்த பிறகுதான் ஒன்று வாங்கினேன். ஸ்காபரோவில் நான் தேநீர் குடிக்கும் கடையில், ஓர் அண்ணை எல்லோர் முன்னாலும் சொன்னார்: “அஞ்சாம் வகுப்போட நிண்ட உவருக்குக் கமராவாம்!”

கடைக்கு வருபவர்களை எல்லாம் படமெடுத்தேன். அவரையும்தான். பனி கொட்டும்போது கடைக் கண்ணாடியோரம் அவர் தனியாக நின்ற அந்தப் படம்தான் எல்லாவற்றிலும் நல்லது. கடைக்காரர் கேட்டதால் படங்களைச் சுவரில் மாட்டினேன், அதை மட்டும் விட்டுவிட்டு.

அந்த அண்ணை சுவர் முழுக்கத் தேடினார். “தம்பி, என்ரை படம் எங்கை?”

“அஞ்சாம் வகுப்பெல்லோ அண்ணை. வடிவா எடுக்கத் தெரியேல்லை.”

கடையே சிரித்தது. எனக்கு இனித்தது. அவரோ முதல் படத்திலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினார்.

அந்தப் படத்தை மாட்ட இன்னும் மனம் வரவில்லை. ஆனால் அந்த முகத்தை என்னைப்போல் வேறு யாரும் இத்தனை தடவை பார்த்திருக்க மாட்டார்கள்.