சித்தியின் அரைப்பேர்

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு நாள் என் சித்திக்கு அரைப்பேர் விழுந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

எங்கள் றக்வான தேயிலைத் தோட்டத்தில் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் வேலை. குறைந்தால் அரைப்பேர். சித்தி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். அம்மா தன் சாக்கிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளிச் சித்தியின் சாக்கில் போட்டதைப் பார்த்தேன். அது அம்மா பறித்த கொழுந்து என்று, நிறுக்கிற ஐயாவிடம் சுத்தமான சிங்களத்தில் உரக்கச் சொன்னேன். ஐயா தராசைப் பார்த்தார், என் வெள்ளைச் சீருடையைப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் அரைப்பேர் எழுதினார்.

வீட்டில் யாரும் திட்டவில்லை. எனக்கு அது வெற்றியாகப் பட்டது. பள்ளியில் ‘உண்மை’ என்று இங்கிலீஷ் கட்டுரை எழுதச் சொன்னபோது அதையே எழுதினேன்.

டீச்சரும் எங்களைப் போலத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கட்டுரையின் அடியில் சிவப்புப் பேனையால் ஒரே சொல் எழுதியிருந்தார்: ‘சாங்க்டிமோனியஸ்’. அகராதியைப் புரட்டினேன். பிறரைவிடத் தான் நல்லவர் என்று காட்டிக்கொள்பவர். பழிப்பாகவே வழங்கும் சொல் என்றிருந்தது.

கொப்பியை ஒளிப்பதற்குள் அம்மா சிவப்பு எழுத்தைக் கண்டுவிட்டார். இங்கிலீஷ் தெரியாததால் பாராட்டென்றே நினைத்து, சித்திக்குக் காட்டவேண்டுமென்று பக்கத்து வீடான அவர் காம்பராவுக்கே தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடிப்போய், அந்தச் சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன்.

“கைய எடுடி. அம்மாடி, இவ்ளோ நீட்டு வார்த்தையா! என்னான்னு எழுதியிருக்காங்க?” என்றார் சித்தி.

கொப்பியை மூடிக்கொண்டே சொன்னேன்: “நல்ல புள்ளைன்னு.”

“இதுக்கு டீச்சர் வேணுமாக்கும்! அதான் அன்னிக்கே ஐயாகிட்ட நீயே சொல்லிட்டியே!”

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

டீச்சர்தான் தவறு செய்துவிட்டார் என்று அன்று முழுவதும் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். உண்மையைத்தானே சொன்னேன்? நான் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, அம்மாவின் சாக்கில் யார் அள்ளிப் போட்டு முழுப்பேர் விழுந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.