பவளத்துக்குக் களையெடுத்த கயல்விழி

கயல்விழி எங்களிடம் வேலைக்கு வந்த பத்தொன்பதாம் நாள் நான் கத்திய கத்தலில், தண்ணீர் மோட்டார் ஓட்டுகிற சுஹைப் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அன்றைக்குக் கோபம் நியாயமானதுதான். நான் திட்டியதுதான் தப்பான ஆளை. அது எனக்கு உறைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

கயல்விழிக்கு ஊர் பூதலூர் பக்கம். வயது நாற்பத்திரண்டு. அம்மா காலம்வரை கூலிக்கு நட்ட குடும்பம், இப்போது மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் நிலம் சொந்தமாக இருக்கிறது. என் குடும்பம் அதே ஊரில் வேலி வேலியாக வைத்திருந்து, விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனது. அந்த வீட்டில் பிறந்த வித்யாலக்ஷ்மியாகிய எனக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் படித்தது கடல் உயிரியல்.

ஒரு பட்டா நகலுக்காக ஊருக்குப் போயிருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். வயலில் குனிந்தபடி பக்கத்தில் இருந்தவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே குதிரைவாலிக் களையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இளசாக இருக்கையில் அது அச்சு அசல் நெல் மாதிரியே இருக்கும். இவர் கை ஒரு நெல்லைக்கூடத் தொடவில்லை.

“எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?” என்றேன்.

“நெல்லுன்னா கழுத்துல பூனைமயிர் மாதிரி இருக்குங்க. இதுக்குக் கழுத்து வழவழன்னு இருக்கும். கைக்கே தெரிஞ்சிடும்.”

அந்தக் கைகள் எனக்கு வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே, மூடிப்போன ஓர் இறால் பண்ணையில் எங்கள் கொட்டகை. அங்கே கடல் சேறு. பவளப்பாறைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பாறைகள் இருப்பது இன்னும் தெற்கே, தீவுகளை ஒட்டி. ஆனால் தொட்டியும் மோட்டாரும் கட்டிவைத்தபடி கிடைத்த இடம் இதுதான். பவளம் செடியில்லை, கல்லுமில்லை, உயிருள்ள பிராணி. வருஷத்துக்கு ஒரு தடவைதான் முட்டை விடும். அதிலிருந்து வரும் குஞ்சுகளைத் தீவுப் பக்கமிருந்து கொண்டுவந்து, தொட்டிக்குள் சிமெண்ட் பலகைகளில் ஒட்டவைத்து வளர்த்து, அழிந்த பாறைகளில் மறுபடி பொருத்துவது எங்கள் வேலை. குஞ்சு ஒவ்வொன்றும் கசகசாவைவிடச் சிறியது. பச்சைப் பாசி மேலே படர்ந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

“பலகையில பாசி ஏறாமப் பாத்துக்குங்க” என்று கயல்விழியிடம் சொல்லிவிட்டு மூன்று நாள் கூட்டத்துக்குச் சென்னை போனேன்.

திரும்பி வந்தால் அறுபது பலகையும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. பச்சைப் பாசியும் இல்லை, அதன் அடியில் இளஞ்சிவப்பாகப் பூச்சு மாதிரிப் படிந்திருந்த இன்னொரு பாசியும் இல்லை. பவளக் குஞ்சு ஒட்டுவதே அந்தச் சிவப்புப் பாசியின் மேல்தான். தேங்காய் நாரை வைத்து எல்லாவற்றையும் தேய்த்து எடுத்திருந்தார். களையெடுக்கப் போனவள் வரப்பேறும்போது வயலில் ஒரு புல் நின்றாலும் அவர்கள் ஊரில் அவமானம். அந்த ரோஷத்தோடு மூன்று நாளும் வேலை செய்திருக்கிறார்.

“தொடச்சு வச்சிருக்கேன் மேடம்” என்றார், முகமெல்லாம் பெருமையாக.

நான் கத்தியது அப்போதுதான். ஒரு வருஷத்துக் குஞ்சுகள் அத்தனையும் போய்விட்டன. அடுத்த வருஷப் பங்குனிவரை கடல் மறுபடி தராது.

அவர் அழவில்லை. “அது உயிரோட இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். ஒரு பலகையின் மூலையில் நாருக்கு எட்டாமல் தப்பிய துண்டை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

“கை ஆட்டுதே மேடம்.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: “பாசின்னுதானே சொன்னீங்க. அதுல நெல்லு எது, புல்லு எதுன்னு காட்டியிருந்தா தொட்டிருக்க மாட்டேனே.”

குதிரைவாலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். என் பாடத்தை அவருக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன். எங்கள் திட்டத்தின் தலைவர் இராஜாங்கம் சார் போனில், “அந்தம்மாவ அனுப்பிடுங்க” என்றார். தப்பு என்னுடையது, அனுப்புவதென்றால் என்னை அனுப்புங்கள் என்றேன்.

“அடுத்த போகம் வரைக்கும் வச்சுக்குங்க மேடம்” என்றார் கயல்விழி. “நான் அழிச்சத நானே வளத்துக் குடுத்துட்டுப் போறேன். இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது.”

ஒரு வருஷம் காத்திருந்தார். நுண்ணோக்கியை விட்டு நகரவே மாட்டார். எந்தப் பாசி பகை, எந்தப் பாசி உறவு என்று எனக்கு முன்னால் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். 2024 பங்குனியில் புதுக் குஞ்சுகள் வந்தன. நாங்கள் வாங்கித் தந்த மெல்லிய தூரிகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது கூட்டுற சாமான், களையெடுக்குற சாமான் இல்ல” என்று வைத்துவிட்டார். கொட்டகைக்கு வெளியே மண்டிக்கிடந்த சீமைக்கருவேல முள்ளை ஒடித்துத் தென்னை ஈர்க்கின் நுனியில் கட்டிக்கொண்டார். உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாங்கியில் மாட்டி, குஞ்சைச் சுற்றியிருந்த பச்சையை மட்டும் இழை இழையாகக் கிள்ளி எடுத்தார்.

அந்தக் கோடையில் கடல் கொதித்தது. தீவுப் பக்கத்துப் பவளம் வெளுத்துப்போனதாகச் செய்தி வந்தது. எங்கள் நிழல்வலை போதவில்லை. மேட்டூர்த் தண்ணீரும் நேரத்துக்கு வராமல் ஊரில் குறுவை நடவு இல்லை. வேலையின்றி இருந்த நான்கு பெண்களைக் கயல்விழி அழைத்துவந்தார். ஒரே வாரத்தில் கீற்று முடைந்து தொட்டிகளுக்குப் பந்தல் போட்டார்கள். களையும் பழகிக்கொண்டார்கள்.

தை மாதம் எண்ணினோம். பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்கள் தூரிகையால் பார்த்துக்கொண்ட பலகைகளில் நூற்றுக்கு நாலு குஞ்சு பிழைத்திருந்தது. கயல்விழி பலகைகளில் இருபத்திரண்டு. நம்பாமல் மூன்று தடவை எண்ணினேன். இராஜாங்கம் சாரே வந்து எண்ணினார். நல்ல மனிதர்தான், ஆனால் பாராட்டிவிட்டுச் சும்மா போக மாட்டார்.

“தொட்டியில நீங்க இருக்கீங்கம்மா. கடல்ல யாரு களையெடுப்பா?”

கடலில் பாசி மறுபடி மூடினால் இரண்டு வருஷ உழைப்பும் வீண். கயல்விழி வளர்த்துத் தருகிறேன் என்றது தொட்டியில் காட்டுவதற்கு இல்லை.

மாசியில் அறுபது பலகையையும் படகில் ஏற்றும்போது கரையில் நின்று குலவையிட்டார், நடவு தொடங்குகையில் இடுவது போலவே. அதன்பின் ஊருக்குப் போய்விட்டார்; வாரம் தவறாமல் போன். “பாத்தீங்களா மேடம்? மூடிடுச்சா?” காற்றுக் காலம் வந்து கடல் கலங்கிவிட்டது; எங்களாலும் இறங்கிப் பார்க்க முடியவில்லை.

புரட்டாசியில் கடல் தெளிந்தது. நானும் வருவேன் என்று கயல்விழி பிடிவாதமாக நின்றார்; இராஜாங்கம் சாரும் வந்தார். படகுக்காரர் ஜெக்கரியா மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, நீச்சல் கண்ணாடி போட்டு, ஏணியில் இறக்கிவிட்டார். வாய்க்காலில் முழங்காலுக்கு மேல் இறங்கியறியாதவர் ஒரு கையால் நீரில் மிதந்த என்னையும் மறு கையால் ஏணியையும் பிடித்துக்கொண்டு முகத்தை நீரில் வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. தோள்கள் குலுங்கின. நானும் தலையை உள்ளே விட்டேன்.

கீழே எங்கள் பலகைகள், வரிசை கலையாமல். ஒவ்வொன்றிலும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் பவளங்கள், பழுப்பும் பச்சையுமாகக் கிளை விரித்து. அவற்றுக்கு நடுவே கிளிமீன் கூட்டம் ஒன்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு பாசியை மட்டும் கொறித்துக்கொண்டிருந்தது. பவளங்கள் கசகசா அளவிலேயே இருந்திருந்தால் மீன்கள் பாசியோடு சேர்த்து அவற்றையும் கொறித்திருக்கும். கயல்விழி முள்ளால் வளர்த்துவிட்ட உயரம் அவற்றைக் காப்பாற்றியிருந்தது. எனக்குக் கண்ணாடிக்குள் கண்ணீர் முட்டியது.

கயல்விழி தலையைத் தூக்கி உப்புத் தண்ணீரைத் துப்பினார். அவர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

“சார்!” படகில் நின்ற இராஜாங்கம் சாரைப் பார்த்துக் கூவினார். “கடல்ல யாரு களையெடுப்பான்னு கேட்டீங்கள்ல? எறங்கிப் பாருங்க! என்னைவிட நல்ல ஆளுங்க சார். ஒரு குஞ்சத் தொடல, ஒரு புல்லு விடல. இனி எனக்கு இங்க வேலையே இல்ல!”

சொல்லிவிட்டு, கழுத்தளவு நீரில் மிதந்தபடியே குலவையிட்டார். இராஜாங்கம் சார் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றாமல் குதித்தார்.