முந்நூற்று நாற்பது முருகன்

என் அத்தான் முருகனோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். சாட்சிக்கு என்னைக் கூப்பிடவில்லை. வேலைக்கு மட்டும் கூப்பிட்டார்.

ஐம்பதுகளின் கடைசி அது. என் அக்கா வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் புருஷன், அதாவது அத்தான், செம்பவாங் கப்பல் பட்டறையில் பிட்டர். பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் குளித்து நீறு பூசிக்கொண்டு முருகன்மேல் பாட்டுக் கட்டுவார். ஊரில் எல்லோரும் காரியம் முடிந்த பிறகுதான் சாமிக்குச் செலுத்துவார்கள். அத்தான் நேர்மையான தொழிலாளி, முன்கூட்டியே செலுத்திவிடுவது என்று முடிவெடுத்தார். தன் பாட்டுகளை ஆயிரம் புத்தகமாக அச்சடித்து ஆயிரம் பேர் கையில் சேர்ப்பது, பதிலுக்கு முருகன் அக்காவை எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது.

அச்சாபீசுக்குப் போய் நான்தான் கட்டுகளை எடுத்து வந்தேன். அட்டையில் முருகனும் மயிலும். படத்துக்குப் பிளாக் செய்தவர் மயிலைப் பார்த்திராதவர் போலிருக்கிறது, கோழியை மட்டும் நன்றாகப் பார்த்திருந்தார். பின்னட்டையில், ‘விலை: ஒரு கும்பிடு.’

செம்பவாங் ஆட்களுக்கு இருநூறை அத்தான் வைத்துக்கொண்டார். மீதி எண்ணூறு எனக்கு.

“எனக்கா? அத்தான், நான் கோயிலுக்கே பொங்கல் வாசனை புடிச்சித்தான் போவேன்.”

“உனக்குத்தான் வாய் இருக்கு மச்சான். எனக்குப் பாட்டு வரும், பேச்சு வராது.”

பிறகு சட்டதிட்டங்களைச் சொன்னார். ஒரு கைக்கு ஒரு புத்தகம். இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். எங்காவது குவித்து வைத்துவிட்டு ஓடி வரக் கூடாது. கொடுக்கிற அன்று கவிச்சி கிடையாது. கடைசி விதியில்தான் என் பக்தி முதலில் ஆட்டம் கண்டது. நான் குடியிருந்த தேக்கா வட்டாரத்து மாடி அறைக்கு நேர் கீழே மீன் பொரிக்கிற கடை.

முதல் வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நின்றேன். என் முகத்தில் ஏதோ இருக்கிறது. புத்தகத்தை நீட்டினால் ஜனங்கள் மடியைத் தடவிச் சில்லறை எடுத்தார்கள். “காசு வேணாம்மா, சும்மா” என்றால் சந்தேகம் இன்னும் கூடியது. ஒரு பெரியவர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, விசிறிக்கொண்டு, “காத்து நல்லா வருது தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். ஓர் அம்மாள், “வீட்ல ஏற்கெனவே மூணு முருகன் இருக்காரு, நாலாவதா வந்தா சண்டை வரும்லா” என்று நகர்ந்துவிட்டாள்.

எப்படியோ அன்றைக்கு அறுபது போயிற்று. நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் கோயில் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனால், தேங்காய் நார்க் கயிற்றால் கட்டின ஒரு கட்டை மேசைமேல் வைத்தார். பதினெட்டுப் புத்தகம்.

“மரத்தடியில பத்து. குழாயடியில அஞ்சு. நவக்கிரகத்துக்கிட்ட மூணு. வாங்குனவங்க வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேங்கிறாங்க தம்பி. குப்பையில போடவும் பயம். அதனால சாமிகிட்டயே வச்சிட்டுப் போயிடுறாங்க.”

என்னை ஆபீசுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே ஆள் உயரத்துக்குக் குவியல். கரையான் தின்ற புராணங்கள், அட்டை போன பாட்டுப் புத்தகங்கள், போன வருஷத்து, அதற்கும் முந்தின வருஷத்துக் காலண்டர் சாமிகள், கண்ணாடி உடைந்த படங்கள். எல்லாவற்றிலும் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“செத்தவங்க வீட்லேர்ந்து வருது. வீடு மாத்துறவங்க கொண்டாந்து போடுறாங்க. படிக்கிறவன் போயிட்டான், பொஸ்தகம் நிக்குது.”

“இத என்னதான் பண்ணுவீங்க?”

“வருஷத்துக்கு ஒருக்கா கடல்ல விடுவோம். கடல் வாங்கிக்கும்பாங்க. எங்க வாங்குது? மறுநாளே கரையில ஒதுக்கிடுது. மலாய்க்காரப் பசங்க பொறுக்கிட்டு வந்து, ‘அண்ணே, உங்க சாமி’ன்னு குடுத்துட்டுப் போறாங்க.”

பதினெட்டு முருகனோடு வீடு திரும்பினேன். கணக்கில் அறுபது நாற்பத்திரண்டாயிற்று.

அப்புறம் என் தொழில் சூடுபிடித்தது. முடிவெட்டும் கடையில் பாதி முடி வெட்டிக்கொண்டவர்களிடம் கொடுத்தேன், அவர்களால் எழுந்து ஓட முடியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களிடம் கொடுத்தேன். நான் வேலை பார்த்த கிடங்கு ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் கத்தோலிக்கர், எனக்கு நல்ல சிநேகிதர். அவரிடம் புலம்பினேன்.

“எங்க வீட்லயும் இதே பிராப்ளம்தான்லா. பழைய செபப் புத்தகம் ஒரு பெட்டி. சாமியார்கிட்ட கேட்டேன். மந்திரிச்ச பொருளத் தூக்கிப் போடக் கூடாது, மரியாதையா எரிச்சுப் பொதைங்கன்னாரு.”

“மரியாதையா எப்படிய்யா எரிக்கிறது?”

“கெரோசின் ஊத்தாம.”

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். “ஒண்ணு குடு. உங்கக்காவுக்காக ஒரு கை கொறைய வேணாம்.”

நான் எப்போதும் காப்பி குடிக்கும் கடைச் சீனருக்கும் ஒன்று கொடுத்தேன். கை கை தானே, முருகன் சாதி பார்த்து எண்ணவா போகிறார். அவர் அட்டைப் படத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மறுநாள் போனால், அவருடைய சாமி மாடத்தில் ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் எங்கள் முருகன் நிற்கிறார், முன்னால் ஊதுவத்தி. எண்ணூறில் பூசை கண்டது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்படியே நானூற்று ஐம்பத்தொன்பதுக்கு வந்தேன். அங்கே நின்றுவிட்டது. தெரிந்தவர்கள் தீர்ந்துவிட்டார்கள். தெரியாதவர்கள் என்னைத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். தேக்கா மார்க்கெட்டில் நான் நுழைந்தால் ஆட்டுக்கறிக் கடைக்காரர், “பொஸ்தகம் வருது, பொஸ்தகம் வருது” என்று குரல் கொடுப்பார். எதிரில் வருகிறவர்கள் சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். கட்டிலுக்கடியில் முந்நூற்று நாற்பத்தொன்று மிச்சம்.

அத்தான் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். “எத்தன ஆச்சு மச்சான்?” நான் ஐம்பது கொடுத்திருந்தால் எழுபது என்பேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்ப்பார். எழுபதுக்குத் தக்க தெளிவு வந்திருக்கிறதா என்று தேடுவார். சில நாள் அவருக்கு அது தெரிந்தும்விடும்.

ஒரு நாள் அவர் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தபோது அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“டேய், நெசமாவே குடுக்கிறியா, இல்ல மீன் கடையில கட்டிக் குடுக்கப் போட்டுட்டியா?”

“சத்தியமா குடுக்கிறேங்க்கா.”

“ஊரெல்லாம் குடுக்கிறியே, எனக்கு ஒருத்தரும் ஒண்ணு குடுக்கலயேடா.”

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் நானூற்று அறுபதாவதைக் கொண்டுபோய், சட்டப்படி இரண்டு கையாலும் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரித்து, இரண்டு பாட்டுப் படித்தாள். “உங்கத்தானுக்கு அடுத்த அடி வரலன்னா மயில வரவச்சிடுறாரு பாரு” என்றாள். சிரிக்கப் போனவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்து முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

அடுத்த வாரம் அவளுக்குப் பேச்சு குறைந்தது. அத்தான் வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார், கைகளில் கிரீஸ் கறை. படுக்கையைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

“எங்கிட்ட இருந்த இருநூறும் போயிடுச்சு. உங்கிட்ட இன்னும் எத்தன பாக்கி? உண்மையச் சொல்லு. அதுதான் தடையா நிக்கிதோ என்னமோ. லீவு போட்டு நானும் வர்றேன்.”

அந்த முகத்தைப் பார்த்து முந்நூற்று நாற்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் இருக்கிறது என்றுதானே என்னைத் தேர்ந்தெடுத்தார்.

“முடிஞ்சிடுச்சு அத்தான். நேத்தோட ஆயிரமும் முடிஞ்சிடுச்சு.”

அவர் வார்டு என்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைக்குமேல் கையைக் கூப்பினார். “இனி அவம் பாத்துக்குவான்” என்றார். அவ்வளவு நிம்மதியான முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் காலையில் அக்கா போய்விட்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சுவரில் முருகன் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாகத் தெரிந்தது. நெற்றியில் நீறு இல்லை. “நாஞ் சொன்ன சொல்லக் காப்பாத்துனேன். அவங் காப்பாத்தல” என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. பட்டறையில் ஒரு போல்ட் சேரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். உண்மையைச் சொன்னால் அவருக்கு முருகன் திரும்பக் கிடைப்பார். ஆனால் முந்நூற்று நாற்பது புத்தகத்துக்காகப் பெண்டாட்டி செத்தாள் என்று ஆகும், அவளைக் கொன்றவன் மச்சான் என்று ஆகும். சொல்லாவிட்டால் நான் தப்பிப்பேன், அவருக்குச் சாமி இல்லை. நான் தப்பிக்கிற வழியைத்தான் எடுத்தேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

புத்தகங்களை ஒழிக்கப் பார்க்காமல் இல்லை. கத்தோங் கடற்கரைக்கு ஒரு கட்டு எடுத்துப் போனேன். கிராணி சொன்னது சரி. அலை திருப்பிக் கொண்டுவந்தது. முழங்கால் வரை நனைந்துகொண்டு மறுபடி பொறுக்கினேன். சிநேகிதர் சொன்னபடி எரிக்கலாம் என்று ஒன்றை எடுத்துத் தீக்குச்சியையும் கிழித்தேன். கோழி மாதிரி மயிலானாலும் அது என்னையே பார்த்தது. விரல்தான் சுட்டது.

நனைந்தவற்றை வெயிலில் காயவைத்து மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினேன். எனக்குப் பக்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் சில நாள் அவற்றின்மேல் படுத்துக்கொண்டு யோசிப்பேன்: ஒருவேளை ஆயிரமும் கொடுத்திருந்தால்? நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆசாமிக்கு இந்தக் கேள்வியை வைத்து ஒரு வேடிக்கையும் செய்யத் தெரியவில்லை.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடியில் ஓரறை வீடு கிடைத்தது. பத்தாவது மாடி. புத்தகக் கட்டுகளும் லிப்டில் ஏறின. வீடு பார்க்க அத்தான் வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். ஓரறை வீட்டில் எதையும் ஒளிக்க முடியாது. மேசை இல்லாததால் கட்டுகளைத்தான் அடுக்கி, மேலே துணி விரித்து வைத்திருந்தேன். அதன்மேல் காப்பியை வைக்கப் போனவர் துணியை விலக்கிப் பார்த்தார்.

இத்தனை வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் அப்போது கொட்டிவிட்டது. “அத்தான், நான் பொய் சொல்லிட்டேன். நானூத்தி அறுபதுதான் குடுத்தேன். இது மிச்சம். நேர்ச்ச முடியல. முருகன் மேல தப்பில்ல, எம்மேலதான்.”

அவர் ஒன்றை எடுத்து, பிரிக்காமல், கனம் பார்க்கிறவர்போல உள்ளங்கையில் வைத்திருந்தார்.

“உனக்கு எதுலதான் வெளையாட்டு இல்ல? இது பிரஸ்காரன் கூடப் போட்டது மச்சான். தாளு வீணாவும்னு எப்பவும் கொஞ்சம் சேத்துத்தான் அடிப்பான்.”

“முந்நூத்தி நாப்பதா சேத்து அடிப்பான்?”

“அடிப்பான் அடிப்பான். நீ ஆயிரமும் குடுத்துட்டே.”

நிஜமாகவே அப்படி நம்பினாரா, என்னை விட்டுவிட நினைத்தாரா, அல்லது இத்தனை வருஷத்துக்குப் பிறகு மறுபடி முருகனோடு பேச்சுவார்த்தை தொடங்க அவருக்குத் தெம்பில்லையா, எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். சமையல் கட்டில் சுவரோடு இருந்த குப்பைக் குழாயின் இரும்பு மூடியைத் திறந்தார். புதுவீட்டு வசதி, பத்தாவது மாடியிலிருந்து போட்டால் நேராகத் தரைக்குப் போய்விடும். கையிலிருந்ததைப் போட்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. கீழே விழுகிற சத்தம் கேட்க நேரம் பிடித்தது.

“அத்தான், உங்க பாட்டு.”

“எழுதுனவனே போடுறான், உனக்கென்ன?”

ஒன்று ஒன்றாக முப்பது நாற்பது போட்டிருப்பார். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டார். “கை வலிக்கிது. மீதிய நீயே போட்டுடு. செம்பவாங் பஸ் போயிடும்.”

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, “வீட்ல வெளக்காவது ஏத்துறீங்களா?” என்றேன்.

“எதுக்குடா, எண்ணெய் வீணா?” என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

மாடிக்கு வந்தேன். குப்பைக் குழாயின் மூடி திறந்தே கிடந்தது. கீழிருந்து நாற்றம் வந்தது. மூடினேன். மிச்சத்தை எண்ணிப் பார்க்கவில்லை. மேலே துணியைப் போட்டு மூடிவிட்டு, அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காப்பியைக் குடித்தேன்.