பதினோராயிரம் அடி

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வருமோ என்னவோ. குடி கிடையாது. கை நீட்டினது கிடையாது. இன்னொரு பெண்ணை ஏறிட்டுப் பார்த்தது கிடையாது. என்னையும் ஏறிட்டுப் பார்த்தது கிடையாது, வம்பே அதுதான்.

வேலை, ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பது. பையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போவார், உள்ளே சிக்கின காகிதத்தை இழுப்பார், உருளையைத் துடைப்பார், நகக்கண்ணில் கறுப்புப் பொடியோடு வீடு திரும்புவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. இவரிடம் தொழில் கற்றவர்கள் எல்லாம் மேனேஜராகி, இவரையே ‘இங்க போ, அங்க போ’ என்று ஏவுகிறார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் என்று நினைக்கிறேன், ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் தன்னைத்தானே முன்னேற்றிக்கொள்ளும் பைத்தியம் பிடித்தது.

முதலில் ஒரு வரி எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினார். ‘நேற்றைவிட இன்று ஒரு சதவீதம் மேலே.’ ஒட்டின இடம் சரியாக என் முகம் தெரியும் இடம். அன்றிலிருந்து நான் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் தலை வாருகிறேன். தினம் ஒரு சதவீதம் ஏறியிருந்தால் மனுஷர் இந்நேரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆனால் பேச்செல்லாம் சதவீதமாகிவிட்டது. “இன்னிக்கு மனசு எழுபது சதவீதம் தெளிவா இருக்கு” என்பார். என் தங்கை வைத்த பெயர் ‘சதவீதம்’. “சதவீதம் மாமா வீட்ல இருக்காரா?” என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவாள்.

பிறகு கருவிகள் வந்தன. எடை பார்க்கும் மெஷின். அது எடையோடு நிற்காமல் கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று ஜாதகம் சொல்லும். குடிக்காமல் விட்டால் மினுக்கென்று விளக்கெரியும் தண்ணீர் பாட்டில். கூன் போட்டால் நடுங்குகிற ஒரு வில்லை. அதைச் சட்டைக்குள் முதுகில் ஒட்டிக்கொண்டு, சாப்பிடும்போது திடீர் திடீரென்று நிமிர்வார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கைக்கடிகாரம். எத்தனை அடி நடந்தாய், எப்படித் தூங்கினாய், நெஞ்சு எத்தனை முறை துடித்தது என்று எல்லாம் எழுதி வைக்கும். புதுசு வாங்கினதும் பழசை எனக்குக் கட்டிவிட்டார். அவர் கை அளவுக்குப் போட்ட பட்டை என் மணிக்கட்டில் வளையல் மாதிரி சுழன்றது. ஊசியைச் சுட வைத்து நானே இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டேன். என் கணக்கு முழுக்க அவர் போனில் தெரியும். ஒரு நாள் விடாமல் கட்டினால் அதற்கு ஓர் எண் ஏறிக்கொண்டே போகும், ஸ்ட்ரீக் என்பார். உலகத்தில் அவர் என்னிடம் ஆசையாகக் கேட்ட ஒரே பொருள் அந்த ஸ்ட்ரீக்.

கடைசியாகச் சீட்டு. போனில் ஆடுகிற போக்கர். சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது. பணத்தைக் கோட்டைவிட்டால்கூட நாலு வார்த்தை திட்டலாம். அதற்கும் வழி வைக்கவில்லை, வந்ததும் போனதும் சில்லறைதான். “இது சூது இல்ல, மனசுக்குப் பயிற்சி. மனுஷங்கள எடை போடக் கத்துக்கறேன்” என்பார். ஒரு மேஜைக்கு ஆறு பேர். மேஜையாவது ஒன்றாவது, ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். முகம் கிடையாது, குரல் கிடையாது, ‘நீலக்கிளி’, ‘சும்மாராஜா’ என்று பெயர்கள் மட்டும். யார் எத்தனை வினாடி யோசித்துப் பந்தயம் கட்டினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். முகமே இல்லாத இடத்தில் போய் மனுஷனைப் படிக்கக் கற்றவர் இவர் ஒருவர்தான்.

நல்ல சீட்டு வைத்திருப்பவன் நிதானமாக இருப்பான், மூன்று வினாடி எடுப்பான். கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுகிறவன் அவசரப்படுவான், அதுதான் ப்ளஃப். இப்படி எனக்கும் பாடம் நடந்தது. சாப்பாட்டுத் தட்டோடு நின்று கேட்டிருக்கிறேன்.

எனக்குப் படிக்கத் தெரிந்தது துணி. கடைவீதி மாடியில் ஆல்ட்டரேஷன் கடையில் தைக்கிறேன். பேண்ட்டைக் குட்டையாக்குவது, சட்டையைப் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது. வருகிறவர் வாயைத் திறக்கும் முன்னே தெரிந்துவிடும், இவர் இளைத்தது உடற்பயிற்சியிலா, கவலையிலா என்று. கவலையில் இளைத்தவருக்குத் தோள்பட்டை முதலில் தொங்கும்.

அப்படிப்பட்ட என் விரலுக்குத்தான் ஒரு நாள் குளிக்கும்போது அது தட்டுப்பட்டது. இடது மார்பில், சட்டைக் காலர் பட்டன் அளவு. நகரவில்லை. மறுநாளே கடையில் ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டுத் தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை டாக்டரம்மா காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது நல்ல கட்டி இல்லம்மா. ஆனா சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. அடுத்த வியாழக்கிழமை எடுத்துடலாம். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, பேசணும்.”

அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வீடு வந்தேன், சத்தியமாக. ஏழு பத்து ஆகியிருந்தது. ரிப்போர்ட் கைப்பையில். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “ச்சே, பாவம்” என்றார்.

என்னைத்தான் சொல்கிறார் என்று நிமிர்ந்தேன். “யாரு?”

“நீலக்கிளி. ரெண்டு நாளா ஆட்டமே சரியில்ல. யோசிக்காம எல்லாத்தையும் தூக்கிப் போடறான். வீட்டுல ஏதோ பெரிய பிரச்சினை. பாத்தாலே தெரியுது.”

நான் அவருக்கு நான்கு அடி தூரத்தில் இருந்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது. எழுந்து உள்ளே போய் அரிசி களைந்தேன். களையும்போதே முடிவு செய்துவிட்டேன்: நானாகச் சொல்லப்போவதில்லை. ‘என்ன, ஒரு மாதிரி இருக்கே?’ இந்த ஒரு கேள்வியை அவர் கேட்கட்டும், சொல்கிறேன். வியாழக்கிழமை வரை பத்து நாள் இருக்கிறது. இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவருக்குப் பத்து நாள் போதாதா?

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “அக்கா, வாயைத் திறந்து சொன்னா என்ன? அவரு என்ன சோசியரா?”

“நீலக்கிளிக்குப் பார்த்தாரே சோசியம்.”

“இதுக்குக்கூடப் பந்தயமா? இது உயிரு, அக்கா!”

அவள் சொன்னது நியாயம். நானும்தான் சீட்டை மூடிவைத்துக்கொண்டு ஆடினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு மருந்தைவிட அந்தக் கேள்வி தேவைப்பட்டது. அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். வெளியூரில் படிக்கும் மகளுக்குப் பரீட்சை, அவளுக்கும் சொல்லவில்லை.

செவ்வாய், புதன் ஓடின. வெள்ளிக்கிழமை சமையலில் உப்புப் போட மறந்தேன். ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்தார். கேட்கப்போகிறார் என்று கரண்டியைக் கீழே வைத்தேன். “சோடியம் குறைச்சிருக்கே! வெரி குட்” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டைக்குப் பட்டன் தைக்கும்போது அந்தச் சின்னப் பட்டனைப் பார்த்து எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “கண்ணுக்கு ரெஸ்ட் குடு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரமாப் பாக்கணும்” என்று சொல்லி, தண்ணீர் பாட்டில் மினுக்கினதும் எழுந்து போனார்.

திங்கட்கிழமை மாலை அவரே கூப்பிட்டார். “இங்க வா. உட்காரு. உன்னைப் பத்திப் பேசணும்.”

கை துடைக்கக்கூட நிற்கவில்லை, ஓடினேன். போனை என் பக்கம் திருப்பினார். கோடு கோடாக ஒரு படம்.

“ஒரு வாரமா நீ சரியாவே தூங்கல. பாரு, ராத்திரி ரெண்டரைக்கு ஹார்ட் ரேட்டு நூத்திப்பத்து. முந்தாநேத்தும் அப்படித்தான். இது சாதாரண விஷயம் இல்ல.”

பார்த்துவிட்டார். எப்படியோ, எந்த வழியாகவோ, பார்த்துவிட்டார். ‘ஆமாங்க’ என்று சொல்ல வாய் திறந்தேன்.

“சாயங்கால டீயை நிறுத்திடு. இருபது சதவீதம் உடனே இறங்கும்” என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் கண்டுபிடித்ததெல்லாம் சரி. ரெண்டரை மணி சரி, நூற்றுப்பத்து சரி. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருத்தி விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாளே, அவள் மட்டும் படத்தில் இல்லை. அன்று அவர்மேல் வந்த வெறுப்பு இதுவரை வந்ததில்லை. அந்தப் போனைப் பிடுங்கித் தண்ணீர் பாட்டிலுக்குள் முக்கலாமா என்றிருந்தது.

புதன்கிழமை சொன்னேன், “தங்கச்சி வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வரேன்.”

“போயிட்டு வா. வாட்சைக் கழட்டிடாத” என்றார்.

வியாழன் காலை எட்டரைக்கு நர்ஸ் வந்து, தோடு, செயின், கடிகாரம் எல்லாம் கழற்றச் சொன்னார். கையெழுத்துப் போடும் காகிதத்தில் உறவு என்ற இடத்தில் தங்கை ‘சகோதரி’ என்று எழுதினாள். “வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்று டாக்டரம்மா கேட்டார். “வேலை விஷயமா வெளியூர்” என்றேன். தள்ளுவண்டியில் என்னை நகர்த்தும்போது தங்கை கையில் இருந்த என் போன் சிணுங்கியது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “படி” என்றேன்.

“‘வாட்ச் கழட்டிட்டியா? உடனே போடு. அறுபத்தோரு நாள் ஸ்ட்ரீக் வீணாயிடும்.’”

கதவு திறந்தது, உள்ளே போனேன்.

கண் விழித்தபோது இடது பக்கம் முழுக்கக் கட்டு. வாய் வறண்டு ஒட்டியிருந்தது. ஜன்னலில் சாயங்கால வெயில். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் என் கடிகாரம்.

“இதை ஏன் நீ கட்டியிருக்கே?”

“நீதானே மாமாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினே? கழட்டினது தெரிஞ்சதும் மெசேஜ் போட்டாரே, அடுத்து போன் பண்ணுவாரு, நான் உளறிடுவேன். அதான் கட்டிக்கிட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “உள்ளே ரெண்டு மணி நேரம்னு சொன்னாங்க, நாலு மணி நேரம் ஆச்சு. உட்காரவே முடியலக்கா. இந்த வராண்டாவுல போறதும் வர்றதுமா நடந்துக்கிட்டே இருந்தேன்.”

தயங்கித் தயங்கிப் போனைக் காட்டினாள். கை தட்டும் படம் மூன்று. கீழே: ‘சபாஷ்! பதினோராயிரம் அடி! உன் வாழ்க்கையிலேயே இதான் ரெக்கார்டு. தங்கச்சி வீட்டுக் காத்து ஒத்துக்குது போல.’

சிரித்தேன். தையல் சுளீரென்று இழுத்தது. என் உடம்பை அறுத்துத் தைத்த நாளில் நான் முன்னேறிவிட்டேன் என்று ஒரு மனுஷர் கை தட்டுகிறார். அந்தப் பதினோராயிரமும் என் தங்கை எனக்காகப் பயந்து நடந்தது.

பந்தயம் முடிந்துவிட்டது, நான் தோற்றாயிற்று. இனி மூடிவைத்து என்ன ஆகப்போகிறது? மணி ஏழாகப் பத்து நிமிஷம் இருந்தது. அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

“ஹலோ! என்ன, இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கியா?”

“நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். மார்ல கட்டி. கேன்சர். இன்னிக்கு எடுத்துட்டாங்க.” நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

எதிர்முனையில் சத்தம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பிறகு அவர் சிரித்தார்.

“என்கிட்டயேவா? கையில ஒண்ணும் இல்லாதவன்தான் இப்படி அவசரமா ஒரே மூச்சுல கொட்டுவான், நானே உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஆபரேஷன் பண்ணவ பதினோராயிரம் அடி நடப்பாளா? ஹார்ட் ரேட்டு இதோ ஓடுதே, எண்பத்தெட்டு. எல்லாம் என் கையில இருக்கு. நல்லாதான் ப்ளஃப் பண்றே, இம்ப்ரூவ்மென்ட்தான். சரி, ஒன்பது மணிக்குப் பேசறேன், மேஜை ஆரம்பிக்கப் போறாங்க.”

வைத்துவிட்டார்.

தங்கை கோபத்தில் எழுந்தாள். “போனைக் குடு. நான் பேசறேன் அந்த ஆளுகிட்ட” என்று கடிகாரத்தின் பட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் போட்ட ஓட்டையில் கொக்கி மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

வலது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“கழட்டாத. அவரு என்னைப் பாத்துக்கிட்டு இருக்காரு” என்றேன்.