டேங்கரைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்புக் கோடு

1. பச்சைக் குடம்

லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்கக்கூடாத சத்தம் ஒன்று உண்டு. பின் டயருக்கடியில் ஏதோ நொறுங்குகிற சத்தம். முப்பத்தோரு வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். அதை ஒரே ஒரு முறைதான் கேட்டேன். பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், கோடைக்காலத்தில், காலை பத்து மணிக்கு.

அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு முதலாளியிடம் தண்ணீர் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். போர்வெல்லில் நிரப்பிக்கொண்டு, குழாயில் தண்ணீர் வராத ஊர்களுக்குப் போய்த் தரைத்தொட்டியில் இறக்க வேண்டும். அந்த ஊரில் தொட்டி தெருவின் கடைசியில் இருந்தது. உள்ளே போனால் திருப்ப இடமில்லை. அதனால் தெருமுனையில் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே தொட்டி வரை போக வேண்டும். வழக்கமாக கிளீனர் மாரிச்சாமி பின்னால் நின்றுகொண்டு ‘வரலாம், வரலாம்’ என்று குரல் கொடுப்பார். அன்றைக்கு அவர் மகளுக்குக் காதுகுத்து. நான் தனியாகத்தான் போனேன்.

தனியாகப் போகிறோமே என்று எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தெருமுனையில் வண்டியை நேராக்கி நிறுத்தினேன். போன் வந்தது, ஒரு நிமிடம் பேசினேன். பிறகு இடது கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு வேப்பமரம், ஒரு மண்சுவர். ஆளில்லை. வலது கண்ணாடியைப் பார்த்தேன். கட்டிப்போட்ட ஒரு வெள்ளாடு. ஆளில்லை. ரிவர்ஸ் கியர் போட்டு கிளட்சை விட்டேன்.

நாலைந்து அடி போயிருக்கும். டேங்கின் பக்கவாட்டில் தட், தட், தட்டென்று இரும்பால் அடிக்கிற சத்தம். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்பதற்கும் ‘டபக்’கென்று அந்தச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

இறங்கி ஓடினேன். டயருக்கடியில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் அப்பளமாகக் கிடந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு பெண் குத்தவைத்திருந்தாள். குடத்தை எடுக்க நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பெண்கள், குடங்களோடு.

தொட்டியிடம்தான் வரிசை நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன். நான் போன் பேசிய அந்த ஒரு நிமிடத்தில், பின்பக்க வால்விலேயே முதல் குடத்தைப் பிடித்துவிடலாம் என்று இவர்கள் வந்துவிட்டார்கள். வண்டி நகரவும் எல்லாரும் பின்வாங்கியிருக்கிறார்கள். ராக்கு என்ற அந்தப் பெண்ணின் குடம் மட்டும் கைதவறி உருண்டிருக்கிறது. அவள் குனிந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். அந்தப் பயத்தில் தெலுங்கில் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். அங்கே யாருக்கும் புரியவில்லை.

2. பாண்டியம்மாள் கேட்டது

டேங்கில் அடித்தவள் பாண்டியம்மாள். ராக்குவின் நாத்தனார். நாற்பது வயதிருக்கும். நூறுநாள் வேலைக்கு ஆள் எடுத்து அளவு போட்டுக் கொடுப்பவள். வேலைக்குக் கிளம்பியவள், பக்கத்து வீட்டு வாசலிலிருந்து இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பி டேங்கில் அடித்திருக்கிறாள்.

முதலில் ராக்குவைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்ணே, தட்டு கெணக்கா ரெண்டு கண்ணாடி மாட்டிருக்கீகளே. எதுக்கு? தலை சீவவா?”

“சத்தியமா தெரியலம்மா. ரெண்டு கண்ணாடியும் பாத்துட்டுத்தான் எடுத்தேன்.”

“பன்னெண்டு பொம்பளைக நிக்கிறாக. ஒருத்தி மூஞ்சி கூடவா தெரியல?”

“ஒருத்தர் கூடத் தெரியல.”

“சரி, அப்ப எங்கெங்க நின்னா தெரியாதுன்னு சொல்லுங்க. நாங்க அங்க நிக்காம இருக்கோம்.”

நியாயமான கேள்வி. டிரைவர்கள் நாங்கள் அதை ‘மறைவு’ என்போம். ‘லெஃப்ட்ல மறைவு இருக்குப்பா, பாத்து’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அந்த மறைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டால்? அத்தனை வருடம் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

பதில் தெரியாத கோபத்தில்தான் அதைச் சொன்னேன். “நம்பலைன்னா நீங்களே ஏறிப் பாருங்க.”

“ஏறுறேன்” என்றாள்.

3. பன்னிரண்டு பேரைக் காணோம்

இன்ஜினை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டு, டயர்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சாவியை ராக்குவின் கையிலேயே கொடுத்தேன். பாண்டியம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். மற்றவர்களைப் பின்னால் முன்பு நின்ற மாதிரியே நிற்கச் சொன்னாள். நான் படியில் தொற்றிக்கொண்டு, கண்ணாடியை அவள் உயரத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

வலது கண்ணாடியைப் பார்த்தாள். இடதைப் பார்த்தாள். மறுபடி வலது. சீட்டில் முன்னால் நகர்ந்து பார்த்தாள், பின்னால் சாய்ந்து பார்த்தாள். அப்புறம் சத்தம் போட்டாள்.

“ஏ ராக்கு! அங்க நிக்கிறியா, போய்ட்டியா?”

“இங்கதேன் நிக்கேன் மதினி!”

“எல்லாரும் நிக்கிறீகளா?”

“நிக்கிறோம்!” பன்னிரண்டு குரல்கள் மொத்தமாக வந்தன.

பாண்டியம்மாள் என்னைப் பார்த்தாள். கேலியெல்லாம் போய்விட்டது. “கொரலு வருதுண்ணே. ஆளக் காணோம்” என்றாள். மெதுவாகச் சொன்னாள். “ஆத்தாடி, பன்னெண்டு பேரையும் முழுங்கிருச்சே.”

அவள் இறங்கிச் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதனால் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். சிரித்துக்கொண்டே ஏறியவர்கள் சிரிக்காமல் இறங்கினார்கள். ஒருத்தி கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். இன்னொருத்தி சாமி கும்பிடுவதுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருடம் இந்த லாரிக்குப் பின்னால் நின்று தண்ணீர் பிடித்திருக்கிறோமே என்று யாரோ சொன்னார்கள்.

கடைசியாக ராக்கு ஏறினாள். சாவியை விடவில்லை, கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நான் நின்ன எடமே இதுல இல்ல மதினி” என்றாள்.

ஆள் தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சரியாகச் சொன்னாள். தெரு இருக்கிறது, மரம் இருக்கிறது, ஆடு இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய இடம் உலகத்திலேயே இல்லை. அது இல்லை என்பதே தெரியாமல் நான் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

4. கோடு

அந்த இடம் எவ்வளவு பெரியது என்று பார்த்துவிட வேண்டும் என்றாள் பாண்டியம்மாள். குளம் வெட்ட, வாய்க்கால் வெட்ட அளவெடுத்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது அவள் தொழில். வீட்டிலிருந்து பொடியைக் கொண்டுவந்தாள்.

நான் சீட்டில் உட்கார்ந்தேன். ராக்கு ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியை ஒட்டி நின்றாள். அங்கிருந்து நேராக வெளியே நடக்க வேண்டும். அவள் எனக்குத் தெரிந்தவுடன் நான் ஹாரன் அடிக்க வேண்டும். அந்த இடத்தில் பாண்டியம்மாள் ஒரு பிடி பொடி வைப்பாள். முன்பக்கம், டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம் என்று சுற்றி வந்தார்கள். டிரைவர் பக்கம் சீக்கிரமே ஹாரன் அடித்தேன். முன்பக்கம், முன்கண்ணாடிக்கு நேர் கீழே, அவள் இரண்டு மூன்று எட்டு வைத்த பிறகுதான் தலை தெரிந்தது. கிளீனர் பக்கம் இன்னும் தூரம். கடைசியில் பின்பக்கம் போனார்கள்.

ஹாரனில் கையை வைத்துக் காத்திருந்தேன். இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. இன்னும் நடக்கவே தொடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது வெகுதூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அண்ணே! தொட்டிக்கே வந்துட்டேன்! இன்னுமா தெரியல?”

அந்த நேரத்தில் முதலாளி பைக்கில் வந்து இறங்கினார். இரண்டாவது லோடுக்கு நேரமாகிவிட்டதென்று மூன்று தடவை போன் அடித்திருக்கிறார். நான் எடுக்கவில்லை.

“என்னய்யா நடக்குது? லாரியச் சுத்திக் கோலம் போட்டுக்கிட்டு இருக்கீக?”

நடந்ததைச் சொன்னேன். நசுங்கின குடத்தையும் காட்டினேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும், “அதுக்கு? பாத்து ஓட்ட வேண்டியதுதான?” என்றார்.

பாண்டியம்மாள் விடவில்லை. “மொதலாளி, நீங்களும் ஒருக்கா ஏறிப் பாத்துட்டுப் பேசுங்க.”

மூன்று டேங்கருக்குச் சொந்தக்காரர். அன்றுவரை ஒரு டேங்கரின் டிரைவர் சீட்டிலும் அவர் உட்கார்ந்ததில்லை. ஏறி உட்கார்ந்து இரண்டு கண்ணாடியையும் பார்த்துவிட்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று கேட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து பதினைந்து பேர் நிற்கிறோம் என்று பதில் வந்தது. மெல்ல இறங்கினார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டாவது லோடு மெதுவாப் போகட்டும்” என்றார்.

பாண்டியம்மாள் பொடி வைத்த இடங்களைச் சேர்த்துக் கோடு இழுத்து முடித்தாள். நான் பின்பக்க ஏணியில் ஏறி, டேங்கின் மேலே போய் நின்று கீழே பார்த்தேன்.

கரிசல் மண்ணில் வெள்ளைக்கோடு பளிச்சென்று கிடந்தது. முன்னால் ஒரு அரைவட்டம். கிளீனர் பக்கம் விரித்த முந்தானை மாதிரி ஒரு அகலம். பின்னால் வால், அது தெரு முழுக்க நீண்டு தொட்டியில் போய் முடிந்தது. அந்தக் கோட்டுக்குள் ஐந்தாறு லாரி நிற்கலாம். என் வண்டி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் இழுத்துக்கொண்டு திரிந்தது இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கீழே நின்ற பெண்கள் அத்தனை பேரும் கோட்டை மிதிக்காமல் வெளியே தள்ளி நின்றிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே நின்றார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எனக்கு இறங்கவே தோன்றவில்லை.

5. அதற்கப்புறம்

முதலாளி மூன்று வண்டிக்கும் வளைந்த உருண்டைக் கண்ணாடி வாங்கி மாட்டினார். கிளீனர் பக்கம் ஒன்று, முன்பக்கம் கீழே பார்க்க ஒன்று. அதில் ஆள் சின்னதாக, தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் பக்கத்தில்தான் இருப்பார். அதைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நாளாயிற்று. ரிவர்ஸில் கூவுகிற ஹாரனும் வந்தது. கிளீனர் இல்லாமல் எந்த லோடும் போகக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

பின்னால் கிடந்த வாலை மட்டும் எந்தக் கண்ணாடியாலும் போக்க முடியவில்லை. அதற்குப் பாண்டியம்மாள் ஒரு ஏற்பாடு செய்தாள். அந்த ஊருக்கு நான் போனால், என் வலது கண்ணாடியில் தெரிகிற இடத்தில் அவளோ ராக்குவோ வந்து நிற்பார்கள். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவார்கள். அவர்கள் முகம் கண்ணாடியில் இருக்கிறவரைக்கும் நான் வண்டியை நகர்த்தலாம். முகம் மறைந்தால் அப்படியே நிறுத்திவிட வேண்டும். மாரிச்சாமிக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். நீ என்னைப் பார்த்தால் போதாது, நான் உன்னைப் பார்க்கிற இடத்தில் நில் என்று.

6. திருச்சுழியில் ஒரு மதியம்

சில வருடங்கள் கழித்துப் புது வண்டி வந்தது. பின்னால் கேமரா, முன்னால் டிவி மாதிரி ஒரு திரை. ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் முழுக்கத் தெரியும். முதல் நாள் அதைப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த வால் முழுக்க வெளிச்சமாகத் தெரிந்தது.

ஒருநாள் திருச்சுழியில் ஒரு அரசாங்க அலுவலக வளாகத்தில் தண்ணீர் இறக்கிவிட்டு, நானும் மாரிச்சாமியும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டேன். திரையில் வெறும் முற்றம். கண்ணாடிகள் நாலிலும் ஒன்றுமில்லை. மாரிச்சாமி கேட் பக்கம் நின்று கையைத் தூக்கினார். எடுத்திருக்கலாம். ஆனால் வண்டி ஒரு மணி நேரம் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இறங்கி ஒரு சுற்று நடக்காமல் எடுப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தேன். அன்றைக்கு மறந்து ஏறிவிட்டேன். நினைவு வந்ததும், எரிச்சலோடுதான், நியூட்ரல் போட்டு இறங்கினேன்.

வண்டிக்கடியில், பின் டயருக்குப் பின்னால், கேமராவுக்கும் எட்டாத இடத்தில், ஒருவர் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வால்விலிருந்து சொட்டுகிற தண்ணீரில் அந்த இடம் குளுகுளுவென்றிருந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் பையில் பட்டாக் காகிதங்கள். சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடி. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தோளைத் தொட்டு எழுப்பினேன்.

“மணி என்னாச்சுண்ணே?” என்றார்.

“ரெண்டே கால்.”

“அடடா, ஆபீசரு வந்திருப்பாக” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது நல்ல தூக்கம், அவ்வளவுதான்.

புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கண்ணாடி எத்தனை வேண்டுமானாலும் மாட்டுங்கள், கேமரா வையுங்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் உங்கள் வண்டிக்கு எங்கெல்லாம் கண்ணில்லை என்று ஒருநாள் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாருங்கள். பார்த்தவர்கள், நின்ற வண்டியை எடுப்பதற்கு முன்னால் கீழே இறங்குவார்கள்.

அந்த மஞ்சள் பைக்காரர் அலுவலகப் படியேறி, பையிலிருந்த காகிதங்களைச் சரிபார்த்து, உள்ளே போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இன்னொரு தடவை குனிந்து வண்டிக்கடியில் பார்த்துவிட்டு ஏறினேன்.