ஒரு வீட்டில் ஓர் அலர்மேல்மங்கை

பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? சீனிவாசராகவனுக்கு இந்தக் கேள்வி புத்தகம் படித்து வந்ததல்ல, கல்யாணம் செய்துகொண்டதால் வந்தது. அவன் சர்க்கார் குமாஸ்தா. கீழிருந்து வருகிற கோப்பை மேலே அனுப்புவது அவன் வேலை. இந்தக் கேள்வியை அனுப்புவதற்கு மேலே யாரும் இல்லாததால் அது அவனிடமே தங்கிவிட்டது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அவனுக்குக் கல்யாணம். ஜாதகம் பார்த்தார்கள், கோத்திரம் பார்த்தார்கள், பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். பெண்ணின் பெயர் அலர்மேல்மங்கை. மாப்பிள்ளையின் தாயார் பெயரும் அலர்மேல்மங்கை. அது மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மல்லேசுவரத்து வீட்டுக்குள் புதுப்பெண் வலது காலை எடுத்து வைத்த பிறகுதான் மாமியார் அதைக் கவனித்தாள்.

"ஒரு ஆத்துல ஒரு அலர்மேல்மங்கைதான் இருக்க முடியும்" என்றாள்.

நியாயம்தான் என்றார்கள் எல்லோரும். பெற்றவள் பெயரைச் சொல்லி, 'காபி கொண்டாடீ' என்று ஒரு பிள்ளை எப்படிக் கத்துவான்? கத்தாமல் இருந்து பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்குக் கோமளம் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

"உன் பேர் எங்கேயும் போயிடாதுடீ" என்று மாமியார் சமாதானமும் சொன்னாள். "எனக்கப்புறம் நீயே எடுத்துக்கோ." பெட்டியில் இருக்கும் ஒட்டியாணத்தைப் பற்றியும் இதே குரலில்தான் சொல்லியிருந்தாள்.

முதல் சில மாதங்கள் அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்துகொண்டே இருந்தது. "கோமளம், பால் பாரு!" என்று கூடத்திலிருந்து குரல் வரும். சமையலறையில் கோமளம் என்று யாரும் இல்லை. அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தவள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பாள். பெண்ணுக்குக் காது மந்தமோ என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு கோமளம் மெல்ல மெல்ல உண்டானாள். அதிகம் பேசமாட்டாள். ரசத்துக்குப் பெருங்காயம் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுவாள். அவளுக்குப் பாடவும் வராது. நவராத்திரிக்கு வந்தவர்கள் பாடச் சொன்னால், "தொண்டை கட்டிண்டிருக்கு" என்பாள். பெண் பார்த்த அன்று பாடினாளே என்று சீனிவாசராகவன் நினைத்துக்கொள்வான். அன்று பாடியவள் அலர்மேல்மங்கை. கோமளத்தைக் குற்றம் சொல்வதில் என்ன நியாயம்?

மூன்று வருஷம் கழித்து, சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு பெண்கள் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. தலைமை ஆசிரியை பவுலின் அம்மாள் சர்டிபிகேட்டைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டார்: அலர்மேல்மங்கை. வீட்டில் விஷயம் வேறு மாதிரி இருந்தது.

"வேலைக்குப் போகட்டும், நான் வேண்டாங்கல" என்றாள் தாயார். "ஆனா ஊர்ல போய் என் பேரை வெச்சுண்டு திரிய வேண்டாம். அங்கேயும் கோமளம்னா போகலாம். இல்லேன்னா அந்த வேலையே வேண்டாம்."

அன்று கோமளம் கணவனிடம் ஒன்று கேட்டாள். அதுவரை அவள் அவனிடம் எதுவும் கேட்டதில்லை.

"ஏன்னா, அங்கேயாவது அது இருக்கட்டுமே."

சீனிவாசராகவன் தாயாரிடம் போய், "எல்லாம் மாத்தியாச்சும்மா" என்றான். வீரம் என்று சொல்லிக்கொள்ள அவன் வாழ்க்கையில் இது ஒன்றுதான் உண்டு. அதையும் அவன் தாயாரின் முகத்தைப் பார்க்காமல், காலண்டரைப் பார்த்துத்தான் சொன்னான்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவள் வேலை எட்டு வருஷம் நின்றது. தாயாருக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட உலகத்தில் ஓர் இடமும் இருக்காது.

ஒருநாள் மழைக்கு அவளிடம் குடை கொடுக்க அவன் சிவாஜிநகர் போயிருந்தான். பள்ளி விட்டு ஒரு பெரிய பெண்கள் கூட்டம் தெருவைக் கடந்துகொண்டிருந்தது. நடுத்தெருவில் ஒருத்தி கையை உயர்த்தி ஒரு பஸ்ஸையே நிறுத்தியிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் அவனைப் பார்த்து, "ஸ்வல்ப நில்லப்பா! பிள்ளைங்க போறது கண்ணுக்குத் தெரியலையா? உன் பஸ் என்ன ஆகாசத்துக்கா போகுது?" என்றாள். டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டான். எதிர்ச் சாரியில் சீனிவாசராகவன் விரித்த குடையோடு நின்றான். கூப்பிடத் தயக்கமாக இருந்தது. அறிமுகமில்லாத பெண்மணியிடம் எப்படிப் போய்ப் பேசுவது? குடையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அரை மணி கழித்துக் கோமளம் நனைந்துகொண்டு வந்தாள். பெருங்காயம் போடலாமா என்று கேட்டாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துத் தசரா விடுமுறையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. காலையில் கோமளம் கொலுவுக்குப் பூ வாங்க எட்டாவது கிராஸ் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சீனிவாசராகவன் ஜன்னலோரமாகக் கண்ணாடியை மாட்டி, முகம் முழுக்க சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தான். வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. வண்டிக்காரர் கோவிந்தப்பா வண்டியை விட்டு இறங்காமலே கன்னடத்தில் குரல் கொடுத்தார்.

"அலர்மேல்மங்கை அம்மாவரு இத்தாரா?"

சீனிவாசராகவனின் கையில் கத்தி அப்படியே நின்றது. தாயார் கொலுப்படியிலிருந்து திரும்பினாள்.

"யாரு?"

"ஸ்கூல்லேருந்து பெரிய டீச்சரம்மா வண்டி அனுப்பிச்சாங்க. ஆண்டு விழா அடுத்த வாரம்தான். ஆனா வர்ற பெரிய மனுஷர் நாளைக்கே டெல்லிக்குப் போறாராம். அதனால இன்னிக்கே வெச்சுட்டாங்க. அலர்மேல்மங்கை அம்மா வந்து சாமி பாட்டுப் பாடணுமாம். பேக பேக, சீக்கிரம் வரணும்!"

இப்போது அவன் பேசியிருக்க வேண்டும். 'அது நீ இல்லைம்மா, கோமளம்' என்றால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் எட்டு வருஷத்துப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். வாயைச் சுற்றி நுரை இருந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

தாயார் சற்று நேரம் அந்த வண்டிக்காரரையே பார்த்தாள். பிறகு, "நான்தான்" என்றாள்.

அந்தக் குரலை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் உள்ளே போய் அரக்குப் பட்டுப் புடவையில் மடிசார் கட்டிக்கொண்டு வந்தாள். "நாட்டுப்பொண்ணு வேலை பாக்கற இடம். மாமியாரைக் கூப்பிட்டிருக்கா. போகலேன்னா மரியாதையா இருக்காது" என்றாள், யாரும் கேட்காமலே. வண்டி போய்விட்டது. முகத்தில் பாதி மட்டும் மழித்தபடி அவன் உட்கார்ந்திருந்தான்.

பூக்கூடையோடு வந்த கோமளம் விஷயத்தைக் கேட்டாள்.

"நீங்க என்ன சொன்னேள்?"

"நுரையா இருந்தது."

அவள் கூடையைக் கொலுவின் முன்னால் வைத்தாள். "மீதி முகத்தை வந்து வழிச்சுக்கலாம். கிளம்புங்கோ."

பஸ் பிடித்துச் சிவாஜிநகர் போய்ச் சேர்ந்தபோது விழா தொடங்கியிருந்தது. கூடம் நிறைய விடுதிப் பெண்களும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும். முதல் வரிசையில் டெல்லிக்குப் போகிற பெரிய மனிதருக்குப் பக்கத்தில் தாயார் உட்கார்ந்திருந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவரை அலர்மேல்மங்கை மிஸ்ஸின் உறவுக்கார அம்மா என்று நினைத்து, மிஸ் பின்னால் வருவார் என்று பவுலின் அம்மாள் உபசரித்து உட்கார வைத்திருந்தார்.

வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற மிஸ்ஸைப் பார்த்ததும் பவுலின் அம்மாளுக்கு உயிர் வந்தது. "இப்போது இறைவணக்கம். அலர்மேல்மங்கை அவர்கள்!" என்றார்.

முதல் வரிசையில் தாயார் எழுந்தாள்.

பவுலின் அம்மாள் திகைத்து வாசலைப் பார்த்தார். வாசலில் நின்றவள் அசையவில்லை. தாயாருக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தை போதும், 'நான்தான் அது' என்று. அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சீனிவாசராகவனின் முகத்தில் காய்ந்த சோப்பு இழுத்தது.

தாயார் ஒரு பாசுரத்தைத் தொடங்கினாள். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. முப்பது வருஷமாகப் பரணில் கிடந்த பாத்திரத்தைத் தட்டியது போல இருந்தது. ஆனால் சுருதி விலகவில்லை. இரண்டு அடி நன்றாக வந்தது. மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள். வார்த்தை மறந்துவிட்டது. மறுபடி இரண்டாம் அடிக்குப் போனாள். திரும்பவும் அங்கேயே நின்றாள். பெரிய மனிதர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது வாசலிலிருந்து அந்த மூன்றாவது அடி வந்தது. சீனிவாசராகவன் பெண் பார்க்கப் போன அன்று கேட்ட அதே குரல். தாயார் திரும்பவில்லை. அடியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து பாடி முடித்தார்கள்.

முடிந்ததும் பெண்கள் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். "அலர்மேல்மங்கை மிஸ்! அலர்மேல்மங்கை மிஸ்!" என்று கூடமே கத்தியது. அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை.

திரும்பும்போது மூவரும் கோவிந்தப்பாவின் ஜட்காவில் வந்தார்கள். வண்டி கன்டோன்மென்ட் தாண்டியது. மருமகள் கையைக் கோத்து மடியில் வைத்திருந்தாள். எட்டு வருஷ வேலை அந்தக் கைக்குள் இருப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மாத்தியாச்சுன்னியேடா, சீனு" என்றாள் தாயார்.

"ஆமாம்மா."

"எதைடா மாத்தினே? காலண்டரையா?"

கோவிந்தப்பா முன்னாலிருந்து சிரித்தார். குதிரையைத் திட்டுவதுபோல் அதை மறைத்துக்கொண்டார்.

கொஞ்சதூரம் போன பிறகு தாயார் வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்கப்பா என்னை எப்படிக் கூப்பிடுவார், ஞாபகம் இருக்கா? 'இங்க பாரு'ம்பார். பேரே அதுதான். நீ அம்மாங்கறே. தெருவுல சீனு அம்மா. இன்னிக்கு இந்தக் குதிரைவண்டிக்காரன் வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சொன்னான். யாரோன்னுதான் நினைச்சேன். அப்புறம்தான் அட, நம்மளான்னு இருந்தது."

சீனிவாசராகவன் யோசித்துப் பார்த்தான். பெற்றவளின் பெயரை அவன் எழுதியிருக்கிறான், சொல்லியிருக்கிறான். அந்தப் பெயர் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. யாருமே தொடாத ஒன்றைக் காப்பாற்றத்தான் அன்று அவ்வளவு அமர்க்களம் நடந்ததா?

"நீ வேலையை விட வேண்டாம்" என்றாள் தாயார், மருமகளைப் பார்க்காமல். "ஆத்துலேயும் இனிமே உன் பேரை நீயே வெச்சுக்கோ. எனக்கப்புறம்னு எதுக்குக் காத்துண்டிருக்கணும்? என்கிட்ட அது சும்மாத்தானே கிடக்கு. சீனு, இனிமே அவளைப் பேர் சொல்லியே கூப்பிடு. எனக்கு ஒண்ணுமில்லை."

மடியில் இறுகியிருந்த மருமகளின் கை தளர்ந்தது.

அன்று சாயங்காலம் கொலுவுக்கு விளக்கேற்றியாகிவிட்டது. தாயார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். சமையலறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. அந்த வீட்டுச் சமையலறையில் அதுவரை யாரும் பாடியதில்லை. சீனிவாசராகவன் தாயாரைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அலர்மேல்மங்கை!"

புதிதாக வந்த மேலதிகாரியின் பெயரைப் படிப்பதுபோல இருந்தது குரல். உள்ளே பாட்டு நிற்கவில்லை.

"அலர்மேல்மங்கை, கொஞ்சம் காபி!"

பாத்திரம் கழுவும் சத்தம். பாட்டு அடுத்த அடிக்குப் போயிற்று. கேட்காமல் இருக்க முடியாது, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நிலைப்படிதான். ஊஞ்சல் நின்றது. தாயாரின் முகத்தில் என்ன இருந்தது என்று விளக்கு வெளிச்சத்தில் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

கொஞ்சநேரம் பொறுத்து, பழக்கமான குரலில், "கோமளம்" என்றான்.

பாட்டு நின்றது. "என்ன வேணும்? காபியா? இதோ கொண்டு வரேன்" என்றாள்.

பிறகும் அப்படித்தான் நடந்தது. பள்ளியில் அலர்மேல்மங்கை, வீட்டில் கோமளம். இப்போது கோமளம் பாடினாள், அவ்வளவுதான் வித்தியாசம். தாயார் காலமான பிறகு ஒருநாள், ஏன் அன்று திரும்பிப் பார்க்கவில்லை என்று சீனிவாசராகவன் கேட்டான்.

"அந்தப் பேருக்கு உரியவா ஊஞ்சல்ல உட்கார்ந்திருந்தாளே" என்றாள்.

அவள் ரசத்தில் பெருங்காயத்தைப் போட்டாள். போடலாமா என்று கேட்கவில்லை.